மாமன் பெயர் இல்லாத அழைப்பிதழ்

சகாயராணி என்ன வேலை பார்க்கிறாள் என்பது கரியமாணிக்கத்தில் இன்றுவரை தீராத வழக்கு. அம்மா ஜோஸ்பினிடம் கேட்டால், "எக்ஸிபிஷன் நடத்துது" என்பார். கேட்டவர்கள் உடனே ராட்டினம், டெல்லி அப்பளம், மரணக் கிணறு என்று ஒரு பொருட்காட்சியையே மனதுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டு, "பாப்பாவாண்ட சொல்லி நம்ம பையனுக்கு ஒரு கடை புடிச்சிக் குடேன்" என்பார்கள். அப்பா அந்தோணிசாமி இந்த வம்புக்கே போவதில்லை. "எழுதற வேல" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்.

இரண்டும் பொய்யில்லை. இந்தக் காலத்து ஓவியர்கள், சிற்பிகள் செய்ததை எல்லாம் தேடிப் பிடித்து, எதை எந்தச் சுவரில் எதன் பக்கத்தில் வைத்தால் அது வாய் திறந்து பேசும் என்று பார்த்துக் காட்சி வைப்பது அவள் தொழில். அந்தக் காட்சிகளைப் பற்றி எழுதவும் செய்வாள், பிறர் எழுதியதைத் திருத்தவும் செய்வாள். உண்மையைச் சொன்னால் திருத்துவதில்தான் அவளுக்குக் கொள்ளை ஆசை. திருத்துவது என்றால் வெட்டுவது.

அந்த ஆசை வந்த கதை சின்னது. நெட்டப்பாக்கத்தில் பள்ளிக்கூடம், புதுச்சேரியில் தமிழ் எம்.ஏ., பிறகு சென்னையில் ஒரு பத்திரிகையில் மெய்ப்புத் திருத்தும் வேலை. ஒருநாள் ஓவியம் பற்றிய கட்டுரை ஒன்று அவள் மேசைக்கு வந்தது. நான்கு பக்கம் படித்தும் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பொறுமை போய், அதை ஒன்றரைப் பக்கமாக வெட்டி அச்சுக்கு அனுப்பிவிட்டாள். எழுதியவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்க அலுவலகத்துக்கு வந்தார். அச்சில் வந்ததை நின்றபடியே படித்தார், பிறகு உட்கார்ந்து படித்தார், டீ வாங்கித் தரச் சொன்னார். போகும்போது அடுத்த கட்டுரையையும் அவளிடமே கொடுத்துவிட்டுப் போனார்.

அவர் வழியாக ஒரு கலைக்கூடத்தில் வேலை கிடைத்தது. படங்களுக்குக் கீழே சிறு குறிப்பு எழுதப் போனவள், போகப் போகப் படங்களை மாட்டும் இடத்தையும் முடிவு செய்கிறவள் ஆனாள். டெல்லி, கொச்சி என்று சுற்றினாள். அவள் எழுதிய கட்டுரையின் கீழே முதலாளியின் பெயர் அச்சாகி வந்தது. முதல் தடவை தவறு என்றார்கள், அடுத்த தடவை அவசரம் என்றார்கள். மூன்றாம் தடவை அவள் காரணம் கேட்கவில்லை, புத்தகங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டு வில்லியனூருக்கு வந்து சேர்ந்தாள். ரயில் போனால் ஜன்னல் கம்பி கிடுகிடுவென்று ஆடும் ஒரு மாடி வீடு. அங்கிருந்து ஒரு காலாண்டிதழை நடத்துகிறாள். அதன் சந்தாதாரர்களை எல்லாம் கூப்பிட்டு விருந்து வைத்தாலும் ஒரு பந்தி நிறையாது. ஆனால் மாதத்துக்கு நாலு பேராவது அந்த இதழைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் மாடிப்படி ஏறிவிடுவார்கள்.

அப்படி ஏறி வந்தவள்தான் பாகூர் இளவரசி. நுண்கலை படித்துவிட்டு வீட்டில் இருந்தாள். ஸ்கூட்டரின் முன்னால் ஒரு சாக்கு மூட்டை. பிரித்தால் உள்ளே எல்லாம் பழைய பிளெக்ஸ் பேனர்கள்.

பேனர் இல்லாமல் எங்கள் பக்கத்தில் குழந்தைக்கு மொட்டைகூட அடிக்க முடியாது. பிறந்தநாள், காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி எல்லாவற்றுக்கும் ரோட்டோரத்தில் முகங்கள் சிரித்துக்கொண்டு நிற்கும். விசேஷம் முடிந்ததும் அவை மாட்டுக்கொட்டகைக் கூரைக்கும் வைக்கோல் போருக்கும் போய்விடும். இளவரசி ஊர் ஊராகப் போய் அவற்றைக் கேட்டு வாங்கி வந்து, முகங்களை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு மீதியைத் தைத்திருந்தாள். கும்பிட்ட கைகள், மாலைகள், பளபளக்கும் வெள்ளைச் சட்டைகள், நீல வானம், பறக்கும் புறாக்கள். ஒரு முகமும் இல்லை. சகாயராணி அதைத் தரையில் விரித்துப் போட்டுச் சுற்றிச் சுற்றி வந்தாள். தானே வெட்டியிருந்தால்கூட இப்படி வெட்டியிருக்க முடியாது என்று தோன்றியது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

"காட்சி வெச்சிடலாம்" என்றாள்.

"எங்கக்கா?"

"பாண்டில எல்லா எடமும் வாடகை கேப்பாங்க. பாக்கலாம்."

"எங்க மாமாவுக்கு பாகூர்ல ஒரு கெடங்கு கீது. சும்மாதான் கெடக்குது. நான் கேட்டா குடுத்துடுவாரு."

இளவரசி கேட்டாள், மாமாவும் கொடுத்துவிட்டார். "எம் மருமவளுக்கு இல்லாத எடமா" என்றாராம். இடத்தைப் பார்க்கப் போன அன்றுதான் சகாயராணிக்கு விஷயம் புரிந்தது. அந்தக் கிடங்கு ராஜ்மோகனுடையது. கரியமாணிக்கத்திலும் பாகூரிலும் நெல்லும் கரும்பும் போடும் குடும்பம் அது. அந்தோணிசாமியும் ஜோஸ்பினும் கைகால் ஓயும்வரை உழைத்தது அவர்கள் நிலத்தில்தான். அறுப்பு முடிந்ததும் டிராக்டரில் மூட்டைகளோடு ஏறி வந்து, அந்தோணிசாமி இதே கிடங்கில் இறக்கி அடுக்குவார்.

சின்ன வயதில் அம்மாவோடு அந்த வீட்டுக்குப் போயிருக்கிறாள். முன் வாசல் வழியாக இல்லை, மாட்டுக்கொட்டகைச் சந்து வழியாக. பொங்கலுக்குக் கொடுக்கும் அரிசிக்கும் பழைய துணிக்கும் சாணி நாற்றத்தில் நின்று காத்திருப்பார்கள். பத்தாவது படிக்கும்போது, இனி இந்த வீட்டில் எதையும் கேட்டு நிற்க மாட்டேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து நிற்கவும் இல்லை. கிடங்கைக் கேட்டது இளவரசிதானே, நானில்லையே என்று இப்போது மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டு வேலையில் இறங்கினாள்.

கிடங்கு அற்புதமான இடம். உயரமான கூரை, மேலிருந்து சரிந்து விழும் வெளிச்சம், சுவரெல்லாம் நெல் தூசி படிந்த பழுப்பு. தைத்த பேனர்கள் அங்கே தொங்கியபோது இளவரசியே அவற்றைப் புதிதாகப் பார்ப்பவள்போல் அண்ணாந்து பார்த்தாள். ராஜ்மோகனும் ஒருநாள் எட்டிப் பார்த்தாராம். ஒரு தலையில்லாத வெள்ளைச் சட்டையைப் பார்த்து, "இது எம் பொறந்தநாளு பேனராச்சே. சட்டைய பாத்தாலே நான்னு தெரியுதுல்ல?" என்று குளிர்ந்து போனாராம். மும்பையில் ஓர் அறக்கட்டளை இளம் கலைஞர்களை அழைத்து, ஒரு வருடம் தங்க வைத்து வேலை செய்ய இடம் தருகிறது. அங்கிருந்து இரண்டு பேர் ஞாயிற்றுக்கிழமை திறப்புக்கு வருவதாக எழுதியிருந்தார்கள். அன்று ஒரு நாள்தான் அவர்களுக்கு வசதி. இளவரசிக்கு அது விட்டால் வராத வாய்ப்பு.

இவ்வளவும் பார்த்துப் பார்த்துச் செய்தவள் அழைப்பிதழில் கோட்டை விட்டாள். வெள்ளை அட்டை. நடுவில் இளவரசியின் பெயர், கீழே தேதி, "பழைய நெல் கிடங்கு, பாகூர்." ஓரத்தில் பொடி எழுத்தில் "காட்சியமைப்பு: சகாயராணி." அவ்வளவுதான். டெல்லியில் இதைப் பார்த்தால் நேர்த்தி என்று மெச்சுவார்கள்.

வெள்ளிக்கிழமை காலை இளவரசி போன் செய்தாள். குரல் உடைந்திருந்தது.

"அக்கா, மாமா கெடங்க பூட்டிட்டாரு."

"ஏன்? இன்னா ஆச்சி?"

"பத்திரிகைல அவரு பேரு இல்லியாம். தாய்மாமன் பேரு இல்லாத விசேஷத்துக்கு எதுக்கு எடம்னு கேக்கறாரு. அம்மா போயி அழுதும் பாத்துட்டாங்க. சாவிய தரல."

சகாயராணி தலையில் கை வைத்துக்கொண்டாள். காதுகுத்தானாலும் கல்யாணமானாலும் பத்திரிகையில் தாய்மாமன் பெயர் இல்லாமல் நம் பக்கத்தில் ஒரு சடங்கு நடக்குமா? பெயர் விட்டுப்போனதற்காகப் பந்தியில் இலையை மடித்துவிட்டு எழுந்து போன மாமன்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவள் தம்பி கல்யாணத்திலேயே, ஒரு மாமன் பெயருக்குப் பின்னால் போட வேண்டிய படிப்பைப் போடவில்லை என்று போட வந்த மோதிரத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார். எல்லாம் தெரிந்தவள்தான். ஆனால் இது கலைக்காட்சி, விசேஷமில்லை என்று நினைத்துவிட்டாள். அப்படி நினைத்தவள் ஊரில் அவள் ஒருத்திதான்.

இளவரசியின் அம்மாவுக்கே மசியாதவரிடம் இனி யார் போய்ப் பேசுவது? வேறு ஆளில்லை. பத்திரிகை அடித்தவளே போக வேண்டும். போகாவிட்டால் ஒரு பெண்ணின் வாய்ப்பு பூட்டுக்கு உள்ளேயே தொங்கும். போனால், எந்த வீட்டில் எதையும் கேட்கமாட்டேன் என்று இத்தனை வருடம் வீராப்பாக இருந்தாளோ அந்த வீட்டிலேயே சாவிக்காகக் கையேந்தி நிற்க வேண்டும். அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம் வந்தது. ஆத்திரத்தோடேயே ஸ்கூட்டரை எடுத்தாள்.

முன் வாசல் வழியாகத்தான் போனாள். கூடத்தில் ராஜ்மோகன் ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார்.

"யாரு, நம்ம அந்தோணி மவளா? உக்காரு உக்காரு" என்று நாற்காலியைக் காட்டினார். உபசாரத்தில் குறையில்லை, முகம் மட்டும் உப்பியிருந்தது.

"பத்திரிகை விசயமா வந்தேன் சார்" என்றாள்.

"இது ஒன்னும் மொறையாமா? எடம் என்னுது. பொண்ணு எங்க அக்கா பொண்ணு. பத்திரிகைய பிரிச்சா ஒரு பேரு, ஒரு தேதி. யாரு கூப்புடறாங்கன்னே தெரியல. காத்து வந்து கூப்புடுதா?"

"கலைக்காட்சிக்கு அப்படிப் போடற வழக்கம் இல்லிங்க."

"டெல்லில இல்லாம இருக்கும். பாகூர்ல கீதே."

பெயர் போடாத கட்டுரைக்காக வேலையையே விட்டு வந்தவள் அவள். இந்த மனிதரின் கோபத்தை எப்படி அற்பம் என்று ஒதுக்க முடியும்? ஒதுக்கத்தான் ஆசைப்பட்டாள், முடியவில்லை.

ராஜ்மோகன் போனை எடுத்து நீட்டினார். "பத்திரிகை போனது போவட்டும். வாசல்ல இந்த பேனர வெச்சிடு. சாவிய எடுத்துக்கினு போ."

திரையில் இருந்த பேனரில், நடுவில் கூலிங்கிளாஸோடு ராஜ்மோகன், ஆளுயரத்துக்கு. இரண்டு பக்கமும் போனைக் காதில் வைத்தபடி அவருடைய பங்காளிப் பிள்ளைகள். மூலையில் தபால்தலை அளவில் இளவரசி. இரண்டு எழுத்துப் பிழை வேறு. சகாயராணிக்குக் கை துறுதுறுத்தது. தலையை ஆட்டினால் சாவி கிடைத்துவிடும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்கள், இது ராஜ்மோகனின் விழா என்று நினைத்துக்கொண்டுதான் உள்ளே நுழைவார்கள். இந்தத் தொழிலில் அவள் பார்த்ததெல்லாம் அதுதானே, உழைத்தவர் பெயர் மூலைக்குப் போவது.

"பேனர் வெச்சிடலாம் சார். ஆனா அத நான் திருத்தித் தரேன்."

"திருத்தறதுன்னா?"

"எல்லார் படமும் இருக்கும். எல்லாம் ஒரே அளவு. பேரு அகரவரிசைல வரும். யாரு பெரியவரு, யாரு சின்னவருன்னு பாக்கறதில்ல. எங்க இதழ்ல அப்படித்தான் போடுவோம். யாரும் நம்மள கொற சொல்ல முடியாது."

ராஜ்மோகன் ஊஞ்சலைக் காலால் நிறுத்தினார். அவர் கஷ்டம் அவருக்கு. போன வருடம் ஒரு பேனரில் சித்தப்பா மகன் மணிவண்ணனின் படம் கொஞ்சம் சின்னதாகிப்போய், பொங்கலுக்கு வரப்போக்கே நின்றுவிட்டது. எல்லாருக்கும் ஒரே அளவு என்றால் பழி தன் தலையில் விழாது.

"இதுவும் நல்லாத்தான் கீது" என்றார். "யார் யாரெல்லாம் போடுவ?"

"எடம் குடுத்த நீங்க. செஞ்ச இளவரசி. உங்க பங்காளிங்க. நான். அப்பறம் அந்தக் கெடங்குல ஒழச்சவங்க."

"அதுல யாரு?"

"எங்கப்பா, எங்கம்மா."

ஊஞ்சல் சங்கிலி மெதுவாகக் கிரீச்சிட்டது. அவர் வாசலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். ஒத்துக்கொண்ட வார்த்தையை மென்று விழுங்கவும் முடியவில்லை.

"செரி, போட்டுக்க. அதுல இன்னா போச்சி" என்று சாவியை எடுத்துக் கொடுத்தார்.

அவள் எதையும் திட்டமிட்டுச் சொல்லவில்லை. அகரவரிசை என்பது அவள் வாயில் பழக்கத்தில் வந்த வார்த்தை. பாகூர் ஏரிக்கரையில் வந்துகொண்டிருக்கும்போதுதான் பெயர்கள் மனதுக்குள் தாமாக வரிசையில் வந்து நின்றன. முதல் பெயரைப் பார்த்ததும் ஸ்கூட்டரை ஓரங்கட்டிவிட்டாள். ஏரியில் மீன் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள்.

வில்லியனூரில் பிளெக்ஸ் அடிக்கும் கலைச்செல்வனுக்குத்தான் மனசே ஆறவில்லை. "யாராவது ஒருத்தர பெருசா போடலாங்கா. இப்படி ஒரு பேனர நான் அடிச்சதே இல்ல" என்று புலம்பிக்கொண்டே அடித்தான். சனிக்கிழமை சாயங்காலம் கிடங்கு வாசலில் அது ஏறியது. ராஜ்மோகன் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். முதல் கட்டத்தில் அந்தோணிசாமி, துண்டும் நரைத்த மீசையுமாக. அடுத்தது இளவரசி. அவர் கடைசிக்கு முந்தின கட்டத்தில் இருந்தார். கொஞ்ச நேரம் மீசையைத் தடவிக்கொண்டு நின்றார். "அகரவரிசைதான?" என்று ஒரு தடவை கேட்டுக்கொண்டார். மணிவண்ணன் தன் படத்தை அளந்து பார்க்காத குறையாகப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டியதும், அவரும் வீட்டுக்குப் போய்விட்டார்.

ஜோஸ்பின்தான் சண்டைக்கு வந்தார். "ஒங்கப்பன மொதல்ல போட்டுட்டு என்ன கட்ட கடைசில தள்ளிட்டியே."

"ஜ எழுத்து கடைசிலதாம்மா வரும்."

"எனக்கு இந்த பேரு வெச்ச சாமியார சொல்லணும்" என்று இறந்துபோன ஒரு பாதிரியாரை நல்ல நாளும் அதுவுமாகத் திட்டிவிட்டுத்தான் புடவை மாற்றப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வந்தது. அழைப்பிதழுக்காக வந்தவர்கள் பத்துப் பேர் இருந்தால் அதிகம், மீதி எல்லாம் பேனருக்கு வந்த கூட்டம். மும்பைக்காரர்கள் இருவரும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். குத்துவிளக்கு இருக்காது என்று சகாயராணி சொல்லியிருந்தாள். ராஜ்மோகன் கேட்பாரா? வீட்டிலிருந்து ஐந்துமுக விளக்கையே கொண்டு வந்து, எண்ணெய் ஊற்றித் திரி போட்டு, கொளுத்திய மெழுகுவர்த்தியோடு தயாராகப் பக்கத்தில் நின்றார். மைக் மணிவண்ணன் கையில். யாரை முதலில் கூப்பிடுவது என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. எப்போதும் பேனரில் முதலில் யாரோ அவர்தான் முதல் திரி ஏற்றுவார். எனவே பேனரைத் திரும்பிப் பார்த்து, கணீரென்று படித்தார்.

"முதலாவதாகக் குத்துவிளக்கு ஏற்றிச் சிறப்பிக்க, பெரியவர் திரு. அந்தோணிசாமி அவர்களை மேடைக்கு அழைக்கிறோம்."

சொல்லி முடித்த பிறகுதான் மணிவண்ணனுக்கு உறைத்தது. கூட்டம் திரும்பிப் பார்த்தது. கடைசி வரிசையிலிருந்து அந்தோணிசாமி எழுந்தார். செருப்பை ஓரமாக விட்டுவிட்டு நிதானமாக நடந்து வந்தார். எந்த விழாவிலும் யாரும் அவரை இப்படிக் கூப்பிட்டதில்லை. ராஜ்மோகன் மெழுகுவர்த்தியைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், பிறகு நீட்டினார். அந்தோணிசாமி வாங்கிக்கொண்டார்.

ஆளுக்கு ஒரு திரி என்பது மேடை வழக்கம். முதல் ஆள் ஒன்றை ஏற்றிவிட்டு அடுத்தவரிடம் கொடுப்பார். அந்தோணிசாமி முதல் திரியை ஏற்றினார். ராஜ்மோகன் கையை நீட்டினார். அந்தோணிசாமி விளக்கைச் சுற்றி நகர்ந்து இரண்டாவதை ஏற்றினார். பிறகு மூன்றாவதை. மைக்கில் "அடுத்ததாக" என்று தொடங்கிய மணிவண்ணன் அப்படியே நின்றார். காற்றில் சுடர் சாயாமல் கையால் மறைத்துக்கொண்டு, நாலாவதையும் ஐந்தாவதையும் ஏற்றி முடித்து, மெழுகுவர்த்தியை ஊதி அணைத்து, இன்னும் நீட்டியபடியே இருந்த ராஜ்மோகன் கையில் கொடுத்துவிட்டு இறங்கி வந்தார். மும்பைக்காரர்கள்தான் முதலில் கைதட்டினார்கள். பிறகு எல்லாரும் தட்டினார்கள். ராஜ்மோகனும் மெழுகுவர்த்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தட்டினார்.

காட்சி நன்றாக நடந்தது. இளவரசி ஜூன் மாதம் மும்பை போகிறாள். "எங்க கெடங்குல இருந்துதான் போறா" என்று ராஜ்மோகன் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார், சொல்லட்டும்.

விளக்கேற்றிய அன்று சாயங்காலம் கரியமாணிக்கத்து வீட்டில் ஜோஸ்பின் புருஷனைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு திரி ஏத்திட்டு நவுந்துக்கணும்யா. மத்தவங்களுக்கு உடணும்ல. அந்த மனுசன் கைய நீட்டிக்கினே நிக்கறாரு, நீபாட்டுக்கு எல்லாத்தியும் ஏத்திட்டு வர்ற."

அந்தோணிசாமி சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். சகாயராணி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கெடங்குல எந்த வேலைய நான் பாதில உட்டுட்டு வந்திருக்கறன்?" என்றார்.